சொட்டும் சேஃப்டி வால்வ்: மாற்றுவதா, அழுத்தத்தைக் குறைப்பதா, எக்ஸ்பான்ஷன் டேங்க் வைப்பதா?

கீசரின் அடியில், குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னப் பித்தளை சேஃப்டி வால்விலிருந்து (டேங்கில் அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து தண்ணீரை வெளியே விடுவது) தண்ணீர் சொட்டத் தொடங்கினால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இரண்டில் ஒன்று. வால்வ் போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டுவார்கள். இல்லையென்றால் சொட்டும் வாயில் ஒரு பிளக்கைத் திருகி அடைத்துவிடுவார்கள். முன்னது பல சமயம் வீண் செலவு. புது வால்வும் மறுநாளே சொட்டும். பின்னது உயிரோடு விளையாடுவது.

சேஃப்டி வால்வ் சொட்டுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு. தண்ணீர் சூடேறி விரிவது, வீட்டுக்கு வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருப்பது, வால்வின் உள்ளே அழுக்கோ தேய்மானமோ இருப்பது, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிப்பது. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எது காரணம் என்று தெரியாமல் எந்தப் பொருளையும் வாங்க வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு பிரஷர் கேஜும் ஒரு நாள் பொறுமையும் போதும்.

முதலில் அளவெடுங்கள்

0 முதல் 10 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும், அரை அங்குலத் திரெட் உள்ள கேஜ் வாங்குங்கள். அதிகபட்ச அழுத்தம் எதுவரை போனது என்பதைக் காட்டி அங்கேயே நின்றுவிடும் இரண்டாவது சிவப்பு முள் இருந்தால் இன்னும் நல்லது. நள்ளிரவில் எழுந்து பார்க்க வேண்டியதில்லை. வாஷிங் மெஷின் குழாயிலோ தோட்டத்துக் குழாயிலோ திருகி, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாசியுங்கள். தண்ணீர் ஓடும்போது முள் இறங்கித்தான் இருக்கும். நமக்கு வேண்டியது ஓட்டம் நின்ற நிலையின் அழுத்தம். 24 மணி நேரம் அப்படியே விட்டால் இரவில் ஏறும் அழுத்தமும் பதிவாகும். தெருக்குழாயிலிருந்து நேரடியாக இணைப்புள்ள வீடுகளில் எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்.

ஒரு நுணுக்கம். கீசரின் குளிர்நீர் வாயில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வ் இருந்தால், டேங்குக்குள் ஏறும் அழுத்தம் குளிர்நீர்க் குழாயில் வைத்த கேஜுக்குத் தெரியவே தெரியாது. டேங்கின் நிலைமை தெரிய வேண்டுமானால் கேஜை வெந்நீர்ப் பக்கத்தில், ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயின் வாயில் அடாப்டர் போட்டு மாட்டி, குழாயைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் அளந்தால் கதை முழுவதும் தெரிந்துவிடும்.

மேல்நிலைத் தொட்டி மட்டும் உள்ள வீட்டில் கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். தொட்டியின் நீர்மட்டம் கீசருக்கு 5 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் அரை பார். அடுக்குமாடியில் உச்சித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் குழாய் என்றால் தளத்துக்கு 3 மீட்டர் வீதம் கூட்டிக்கொண்டே வாருங்கள். 20 தளம் கீழே 6 பார் நிற்கும். மேல் தளத்துக்காரர் ஷவரில் தண்ணீர் போதவில்லை என்பார், கீழ்த் தளத்தில் ஹோஸ் பைப் வெடிக்கும். கட்டடம் ஒன்று, தண்ணீர் ஒன்று, உயரம்தான் வேறு.

வீட்டுக்குள் 3 பார் நல்ல அளவு. 4 வரை கவலையில்லை. 5½ பாருக்கு மேல் போனால் குறைக்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். காரணம் கீசர் மட்டுமல்ல. ஹோஸ் இணைப்புகள், ஃபிளஷ் டேங்கின் வால்வ், வாஷிங் மெஷினின் சொலினாய்டு என எல்லாவற்றின் ஆயுளும் இதில் இருக்கிறது. சேஃப்டி வால்வின் உடலில் அது திறக்கும் அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். 0.8 எம்.பி.ஏ. என்றிருந்தால் அது 8 பார். வரும் தண்ணீரின் அழுத்தம் அந்த எண்ணில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 பார் வால்வுக்கு 6.4, 7 பார் வால்வுக்கு 5.6.

சொட்டும் நேரமே காரணத்தைச் சொல்லும்

20 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கொள்ளளவு சுமார் 1½ சதவீதம் கூடும். 25 லிட்டர் கீசரில் இது ஏறத்தாழ 375 மில்லி. தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பியான காயில் 2 கிலோவாட் என்றால், இந்த வேலையை முடிக்க 35 நிமிடம் எடுக்கும். அதாவது நிமிடத்துக்குப் பத்து மில்லிக்குச் சற்று மேல், நொடிக்கு மூன்று நான்கு சொட்டு. கீழே ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். காயில் விளக்கு எரியும்வரை சீராகச் சொட்டி, விளக்கு அணைந்ததும் நின்று, சேர்ந்த தண்ணீர் இந்தக் கணக்கை ஒட்டி இருந்தால் உங்கள் வால்வ் ஆரோக்கியமாக இருக்கிறது. அதை மாற்றுவது நல்ல பல்லைப் பிடுங்குவது போல.

டேங்க் நிறைந்து, காற்று இல்லாமல், நான்-ரிட்டர்ன் வால்வும் நன்றாக மூடிக்கொண்டால், தண்ணீர் ஒருசில டிகிரி சூடேறுவதே அழுத்தத்தை 8 பாருக்குக் கொண்டுபோகப் போதும். தண்ணீர் அமுங்காது, விரியும் ஒவ்வொரு மில்லிக்கும் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதுதான் சொட்டு.

காயில் அணைந்து மணிக்கணக்காகியும், கீசரை அணைத்து முழுவதும் ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் கேஜைப் பாருங்கள். அழுத்தம் 3, 4 பாரில் இருக்கையில் சொட்டுகிறது என்றால் குற்றம் வால்விடம். இரவில் மட்டும் சொட்டி, சிவப்பு முள் 7க்கு மேல் போயிருந்தால் குற்றம் தெருக்குழாயிடம், அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத பம்பின் பிரஷர் சுவிட்சிடம். யாரோ குழாயைப் படக்கென்று மூடும்போது மட்டும் ஒரு பீச்சு பீச்சி நிற்கிறதா? அது வாட்டர் ஹாமர். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உலோகக் குழாயில் திடீரென நிறுத்தினால் 10 பாருக்கு மேலும் கணநேர அழுத்தம் எழலாம். பிளாஸ்டிக் குழாய் நெகிழ்வதால் அதில் பாதிக்கும் குறைவு. வால்வை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. வாஷிங் மெஷின் வாய்க்குப் பக்கத்தில் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஹாமர் அரெஸ்டர் வைப்பதும் வரும் அழுத்தத்தைக் குறைப்பதுமே வழி.

நான்காவது காரணமான தெர்மோஸ்டாட் பழுது வேறு ரகம். வால்விலிருந்து ஆவியோடு கொதிநீர் வந்தால், கீசர் குமுறும் சத்தம் கேட்டால், ஆராய்ச்சி செய்யும் நேரம் அல்ல அது. குளியலறைக்கு வெளியே உள்ள எம்.சி.பி.யை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்க வேண்டாம், ஆவி முகத்தில் அடிக்கும். வால்வைத் தொட வேண்டாம். பல மணி நேரம் ஆற விட்டு, தெர்மோஸ்டாட்டையும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட்டையும் மாற்றிய பிறகே மறுபடியும் சுவிட்சைப் போட வேண்டும்.

வழி ஒன்று: சொட்டட்டும், வடிகுழாயை மட்டும் ஒழுங்காக்குங்கள்

15, 25 லிட்டர் கீசருக்கு, காரணம் வெறும் விரிவு மட்டும்தான் என்றால், பெரும்பாலோருக்கு இதுவே சரியான முடிவு. ஒரு தடவை சூடாக்க அரை லிட்டருக்கும் குறைவான நீர்தான் போகிறது. அதற்காக, விரியும் நீரை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்கும் அதற்கான மூன்று வாய் டீ இணைப்பும் பிராக்கெட்டும் மாட்டுவது தேவையில்லாத வேலை. தொல்லை தருவது சொட்டு விழும் இடம்தான்: சுவரில் உப்புப் பூத்தல், பிளக் பாயிண்ட் மீது தெறித்தல், தலையில் விழுதல்.

வடிகுழாய்க்கு விதிகள் கண்டிப்பானவை. வால்வின் வாயைவிடச் சிறிய குழாய் கூடாது. முழு நீளமும் கீழ்நோக்கிய சரிவு வேண்டும். நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கினால் அங்கே பாசியும் உப்பும் சேர்ந்து அடைக்கும், உறைபனி விழும் இடங்களில் அது பனிக்கட்டியாகவே மாறும். குழாயில் எங்கும் காக் இருக்கக் கூடாது. நுனி வெளியே தெரிய வேண்டும், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. நுனியில் திரெட்டும் வேண்டாம், யாராவது ஒருநாள் அதில் மூடி திருகுவார்கள். கொதிநீர் வந்தால் தாங்கும் குழாயாக இருக்கட்டும், செம்போ சி.பி.வி.சி.யோ. தோட்டத்து ஹோஸைச் செருகி கிளிப் போட்டு வைப்பதைப் பல இடங்களில் காணலாம். அது கொதிநீரில் இளகி, மடிந்து, வேண்டிய நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

வழி இரண்டு: வால்வைச் சுத்தம் செய்வது, முடியாவிட்டால் மாற்றுவது

அழுத்தம் சரி, ஆனாலும் ஓயாமல் சொட்டுகிறது என்றால் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் வாஷருக்கும் அது உட்காரும் பித்தளை விளிம்புக்கும் நடுவே ஏதோ மாட்டியிருக்கிறது. மணல், சுண்ணாம்புத் துகள், அல்லது வெள்ளை நூல் போல ஒரு டெஃப்லான் டேப் பிசிறு. இந்தக் கடைசிச் சங்கதி புதிதாகக் குழாய் வேலை நடந்த வீடுகளில் மிக அதிகம். முடி அளவு பிசிறு போதும், வால்வ் வாழ்நாள் முழுக்கச் சொட்டும்.

லீவரைத் தூக்கிக் கழுவுங்கள். மின்சாரத்தை அணைத்து, வடிகுழாயின் கீழே வாளி வைத்து, கையையும் முகத்தையும் விலக்கிக்கொண்டு, லீவரை முழுவதுமாகத் தூக்கி ஐந்து நொடி பிடியுங்கள். பாதி தூக்கினால் ஓட்டம் போதாமல் குப்பை அங்கேயே தங்கிவிடும். தண்ணீர் வேகமாக, தடையில்லாமல் வர வேண்டும். பிறகு லீவரைச் சட்டென்று விடுங்கள். 'டக்' என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தும் சொட்டு ஒரு நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் வாஷரில் தடம் விழுந்துவிட்டது என்று பொருள். இந்த வால்வைப் பிரித்து வாஷரை மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது. ஸ்பிரிங்கின் இறுக்கம்தான் 8 பார் என்ற எண். பிரித்துப் பூட்டினால் அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை.

லீவரைத் தூக்கியும் தண்ணீரே வரவில்லையா? சொட்டும் வால்வைவிட இதுதான் பயங்கரம். சுண்ணாம்பு கட்டி வால்வ் இறுகிவிட்டது. அன்றே மாற்றுங்கள், மாற்றும்வரை கீசரைப் போடாதீர்கள். கீசரின் அடித்தட்டு 35 சென்டிமீட்டர் விட்டம் என்றால் 8 பாரில் அதன் மேல் விழும் பளு 7½ டன்னைத் தாண்டும். வால்வ் திறக்கவில்லையென்றால் அதற்கு மேலும் ஏறும்.

மாற்றும் வேலையில் தவறு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறோம். மின்சாரத்தை அணைத்து, குளிர்நீரின் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, லீவரைத் தூக்கி டேங்கை வாளியில் வடித்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஸ்பேனர் இரண்டு வேண்டும். ஒன்று வால்வைத் திருக, மற்றொன்று டேங்கின் நிப்பிளை (வால்வ் திருகப்படும் குழாய்முனை) அசையாமல் பிடிக்க. நிப்பிள் கூடவே முறுக்கிக்கொண்டால் வெல்டிங்கிலோ உள்பூச்சிலோ விரிசல் விழும், ஆறு மாதம் கழித்து டேங்கே ஒழுகும். டெஃப்லான் டேப்பை நுனியிலிருந்து முதல் திரெட்டை விட்டுவிட்டு, திருகும் திசையிலேயே எட்டு முதல் பத்துச் சுற்று சுற்றுங்கள். முதல் திரெட்டை விடச் சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: பிசிறு உள்ளே போகாமல் இருக்கத்தான். வால்வின் மேல் உள்ள அம்புக்குறி டேங்கைப் பார்க்க வேண்டும், வடியும் வாய் தரையைப் பார்க்க வேண்டும். கையால் இறுகிய பிறகு ஒன்று, ஒன்றரைச் சுற்று போதும். தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று கக்கி முடிந்து ஓட்டம் சீரான பிறகே சுவிட்ச். அவசரப்பட்டால் காயில் வறண்ட டேங்கில் எரிந்து போகும்.

புது வால்வின் எண் பழையதன் எண்ணேதான். எப்படியும் டேங்கின் தகட்டில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. சொட்டுவதை நிறுத்துவதற்காக 8 பாருக்குப் பதில் 10 பார் வால்வ் போடுவது, பிளக் போட்டு அடைப்பதன் இன்னொரு வடிவம்.

நன்றாகவே இருக்கும் வால்வுக்கும் பராமரிப்பு உண்டு. குளிர்நீர் வாயில் உள்ள வால்வின் லீவரை மாதம் ஒருமுறை தூக்கி விடுங்கள். கடினநீர் உள்ள இடங்களில் இதைத் தவறவிடவே வேண்டாம். பல வருடம் தொடாத வால்வைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் புதிய வால்வ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு தொடுங்கள். நாள்பட்ட சுண்ணாம்பு உடைந்து விளிம்பில் சிக்கினால் அது மறுபடி மூடாது. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகச் சுண்ணாம்பு படிவது வேகமாகும், அதற்குக் கீழே ரொம்ப இறக்கினால் லெஜியோனெல்லா கிருமிக்கு இடம் கொடுத்ததாகும். 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் தோலைச் சுட்டுவிடும் என்பதால் குழந்தைகளும் முதியவர்களும் குளிக்கும் இடத்தில் கலந்து விடும் மிக்ஸர் அவசியம்.

வழி மூன்று: அழுத்தத்தைக் குறைக்கும் வால்வ்

கேஜ் 5½ பாருக்கு மேல் காட்டினால் வேறு யோசனைக்கு இடமில்லை, இதுதான் வழி. கடையில் கேட்கும்போது கவனம். அழுத்தத்தைக் குறைப்பதும் பி.ஆர்.வி., அழுத்தத்தை வெளியேற்றுவதும் பி.ஆர்.வி. பிரஷர் ரிடியூசிங் வால்வ் என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உருவத்திலும் தெரியும்: ரிடியூசரின் தலையில் திருகி அளவு வைக்கும் குமிழோ ஸ்க்ரூவோ இருக்கும், தூக்கும் லீவர் இருக்காது, தண்ணீர் வெளியேறும் வாயும் இருக்காது.

இதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கீசருக்கு முன்னால் மட்டும் வைத்தால் செலவு குறைவு என்று தோன்றும். விளைவு, மிக்ஸரில் குளிர்நீர் 6 பாரிலும் வெந்நீர் 3 பாரிலும் வந்து மோதும். வெந்நீரைக் குளிர்நீர் தள்ளிவிடும். ஷவரின் சூடு ஒரு நிலையில் நிற்காது. வீட்டின் பிரதான வாய்க்காக்குக்கு அடுத்து, ஃபில்டர் வலைக்குப் பின்னால் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். எல்லாக் குழாய்களையும் மூடி, ஸ்க்ரூவைத் திருகி 3 பாரில் நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து மூடி மறுபடியும் வாசித்து உறுதிசெய்யுங்கள். 6 பாரிலிருந்து 3 பாருக்கு இறக்கினால் தண்ணீர் பாதியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. குறைவது சுமார் 30 சதவீதம்தான்.

ரிடியூசர் கெடுவது சத்தமில்லாமல். உள் இருக்கையில் மணல் சிக்கினால் தண்ணீர் ஓடும்போது 3 பார் சரியாகக் காட்டும், ராத்திரி யாரும் குழாய் திறக்காத நேரத்தில் முள் மெதுவாக ஏறி 6ல் போய் நிற்கும். அதனால்தான் கேஜை நிரந்தரமாகவே அதன் பின்னால் மாட்டி வைப்பது நல்லது. வலையை வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டே இதை வாங்குங்கள். ரிடியூசர் தண்ணீரைப் பின்னால் போகவிடாது. கீசரில் நான்-ரிட்டர்ன் வால்வ் இல்லாத வீட்டில் இதுவரை விரிந்த நீர் தெருக்குழாய்ப் பக்கம் சத்தமில்லாமல் திரும்பியிருக்கும். ரிடியூசர் வந்ததும் அந்த வழி அடைபடும், அதுவரை சொட்டாத சேஃப்டி வால்வ் சொட்டும். புது ரிடியூசர் மோசம் என்று அதைக் கழற்றாதீர்கள்.

வழி நான்கு: எக்ஸ்பான்ஷன் டேங்க்

ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். விரியும் நீர் காற்றை அமுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஆறியதும் திரும்பி வரும். சொட்டு நின்றுவிடும். டேங்க் தினமும் பலமுறை 8 பாருக்குப் போய்த் திரும்பும் அலைச்சலும் நின்றுவிடும்; உள்பூச்சுக்கும் வெல்டிங்குக்கும் அது பெரிய நன்மை. 80 லிட்டருக்கு மேற்பட்ட ஹீட்டர்களுக்கும், நாளெல்லாம் அணைந்து அணைந்து எரியும் ஹீட்டர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்போம்.

அளவை ஊகித்து வாங்க வேண்டாம். காற்றறையின் அழுத்தம் வரும் நீரின் அழுத்தத்துக்குச் சமமாக 3 பார், அதிகபட்சம் 6 பார் வரை அனுமதிக்கிறோம் என்று கொள்வோம். காற்றுமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் 4, 7. நான்கை ஏழால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.43. அந்த டேங்கின் கொள்ளளவில் 43 சதவீதம்தான் நீருக்குப் பயன்படும் என்று அர்த்தம். 100 லிட்டர் ஹீட்டரில் விரிவு 1½ லிட்டர், அதை 0.43ஆல் வகுத்தால் 3½. கிடைக்கும் அடுத்த பெரிய அளவு, 5 லிட்டர். 200 லிட்டருக்கு இதே கணக்கில் 7, எனவே 8 லிட்டர். வரும் அழுத்தம் 4 பார் என்றால் பயன்படும் பங்கு 0.29ஆகச் சுருங்கி, அதே 100 லிட்டருக்கு 8 லிட்டர் டேங்க் தேவைப்படும். அதிக அழுத்தமுள்ள வீட்டில் ரிடியூசர் இல்லாமல் எக்ஸ்பான்ஷன் டேங்க் மட்டும் வைத்தால் ஏன் பயனில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவில்தான் இதன் இடம். சேஃப்டி வால்வும் நான்-ரிட்டர்னும் ஒரே உடலில் இருக்கும் மாடல் என்றால், நிப்பிளுக்கும் வால்வுக்கும் நடுவே குட்டையான பித்தளை டீ ஒன்றைப் போட்டுப் பிரிக்க வேண்டும். அந்த டீக்கும் டேங்குக்கும் நடுவே எந்தக் காக்கும் வரக் கூடாது. குடிநீருக்கு ஏற்ற சவ்வு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு நிறத்தில் வருபவை பொதுவாக அறை சூடாக்கும் மூடிய சுற்றுக்கானவை. தண்ணீர் நிறைந்தால் கனக்கும் என்பதால் சுவரில் பிராக்கெட் வேண்டும், குழாயில் தொங்கவிடக் கூடாது.

மாட்டுவதற்கு முன்பே சைக்கிள் பம்ப்பால் காற்றைச் சரிபாருங்கள். காற்று வாய் சைக்கிள், கார் டியூபில் உள்ளது போன்றதுதான். பிறகு வருடம் ஒருமுறை, தண்ணீர்ப் பக்கத்தை வடித்துவிட்டு அளக்க வேண்டும். தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது அளந்தால் எண் பொய் சொல்லும். வாயின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, டேங்கை மாற்றுங்கள். சேஃப்டி வால்வ் மறுபடியும் சொட்டத் தொடங்குவதே இதன் முதல் அறிகுறி.

மேல்நிலைத் தொட்டி மட்டும் உள்ள வீட்டுக்கு

அரை பார், ஒரு பார் அழுத்தத்தில் ரிடியூசருக்கு வேலையே இல்லை. ஹீட்டரின் கையேடு அனுமதித்தால் எளிய வழி, வெந்நீர் வாயிலிருந்து மேலே தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேல் ஏறித் திறந்தே நிற்கும் வென்ட் குழாய். சூடான நீர் இலேசானது, அதனால் வென்ட்டில் அது தொட்டி மட்டத்தைவிட உயரமாக நிற்கும்; கொதிநிலையில் ஒவ்வொரு மீட்டருக்கும் 4 சென்டிமீட்டர். 5 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர், அதோடு 15 சென்டிமீட்டர் கூடுதல். தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரும் பாகம் எதுவும் இல்லாத பாதுகாப்பு இது. பின்னாளில் பிரஷர் பம்ப் வைத்தால் மட்டும் வென்ட் உதவாது, மேலே தண்ணீர் கொட்டும். அப்போது சேஃப்டி வால்வுக்குத் திரும்ப வேண்டும்.

அழுத்தம் மட்டும் போதுமா, வெப்பமும் வேண்டுமா

அழுத்தத்துக்கு மட்டும் திறக்கும் 8 பார் வால்வ், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் என்ன செய்யும்? விரிவைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றி அழுத்தத்தை 8லேயே வைத்திருக்கும். ஆனால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் 175 டிகிரிவரை கொதிக்காமல் ஏறிக்கொண்டே போகும். 150 டிகிரியில் டேங்க் எங்காவது பிளந்தால் உள்ளே உள்ள நீரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு அந்தக் கணமே ஆவியாகும். 25 லிட்டர் டேங்க் 3½ கன மீட்டர் நீராவியைக் கக்கும். சிறிய குளியலறையில் மனிதர் நிற்கும் இடம் முழுவதும் அது.

வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் சேர்த்துத் திறக்கும் டி.பி. வால்வ் 99 டிகிரியை எட்டும்போதே திறந்துவிடும். அதன் உணர்கோல் டேங்கின் மேல் 15 சென்டிமீட்டர் நீருக்குள் இருக்க வேண்டும். பெரிய ஹீட்டர் வாங்கும்போது இதற்கென்று வாய் உள்ள மாடலையே தேர்ந்தெடுங்கள். ஆனால் அதைச் சோதிக்கும்போது வருவது டேங்கின் உச்சியில் உள்ள கொதிசூட்டு நீர். அணைத்துவிட்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு வெதுவெதுப்பானதும் லீவரைத் தூக்குங்கள், வருடம் ஒருமுறை.

சிறிய சுவர்க் கீசரில் அந்த வாய் இருக்காது. துளையிட்டோ வெளிக் குழாயில் டீ போட்டோ அதைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். உணர்கோல் நீரைத் தொடாத டி.பி. வால்வுக்குச் சூடு தெரியாது. அங்கே வெப்பத்துக்குக் காவல் தெர்மல் கட்-அவுட் ஒன்றுதான். அது அடிக்கடி விழுகிறது என்று ஒயரை நேராகச் சேர்த்துவிடும் ரிப்பேரை ஒருபோதும் ஏற்காதீர்கள். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கும் இது அப்படியே பொருந்தும். அதில் விரிவு 45 மில்லிதான். ஆனால் 3 லிட்டரைக் கொதிக்கவைக்கக் காயிலுக்குச் சில நிமிடமே போதும்.

எந்த வழியை எடுத்தாலும் வேலை முடிந்த அன்று வெந்நீர்ப் பக்கத்தில் கேஜை மாட்டி, சிவப்பு முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளி, ஒரு பகலும் ஓர் இரவும் வழக்கம்போல வெந்நீரைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்த வீட்டில் முள் 6க்குக் கீழே நிற்க வேண்டும். வடிகுழாய் மட்டும் போட்ட வீட்டில் வால்வின் எண்வரை (8 பார் வால்வுக்கு 8) போகலாம், அதைத் தாண்டக் கூடாது. தாண்டியிருந்தால் வால்வ் புதிதாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.